சிப்பாய் சம்பளத்தில் முதல் கார் லோன்: கேன்டீனா, ஷோரூமா?

புதாற்றுக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். ஊர் ஒரத்தநாடு பக்கம். 2019-இல் பட்டாளத்தில் சேர்ந்தேன், இப்போது வடக்கே போஸ்டிங். பேஸிக் 25,200, எம்எஸ்பி என்ற ராணுவப் பணி ஊதியம் 5,200, அதன் மேல் டிஏ. ஏஎஃப்பிபி என்ற வருங்கால வைப்பு நிதி, குரூப் இன்சூரன்ஸ் பிடித்தம் எல்லாம் போகக் கையில் 40 ஆயிரத்துக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். இதுவரை எந்தக் கடனும் வாங்கியதில்லை, கிரெடிட் கார்டும் கிடையாது. சேமிப்பு 2 லட்சம் இருக்கிறது.

அம்மாவுக்கு முட்டி வலி. தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜுக்கு அடிக்கடி வாடகைக் காரில்தான் போய் வருகிறார்கள். தை மாதம் தங்கைக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறோம். கார் ஒன்று வாங்கிப்போட்டுவிடலாம் என்கிறார் அப்பா.

லீவில் வந்திருந்தபோது தஞ்சாவூரில் ஒரு ஷோரூமுக்குப் போனோம். "மிலிட்டரியா சார், உங்களுக்கு லோன் என்று கேட்கவே வேண்டாம்" என்று காபி வரவழைத்து உட்கார வைத்து, ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். கடன் 6 லட்சம், வட்டி 9 சதவீதம், 60 மாதம், இஎம்ஐ 14,500. வேண்டுமானால் 7 வருஷமாக்கி இஎம்ஐயைக் குறைக்கலாம் என்றார்கள். சின்ன பெட்ரோல் கார், ஷோரூம் விலை ஆறரை லட்சத்துக்குப் பக்கம்.

ராணுவக் கேன்டீனில் வாங்கினால் மிச்சம் என்று யூனிட்டில் சிலர் சொல்கிறார்கள், அலைச்சல்தான் மிச்சம் என்று சிலர் சொல்கிறார்கள். எது சரி? 5 வருஷமா, 7 வருஷமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கொள்ளிடம் ஹவில்தார் (ஓய்வு)

தம்பி, ஜெய்ஹிந்த். ஷோரூமில் காபி குடித்ததோடு நிறுத்தினாய் பார், அது நல்லது. முன்பணம் எதுவும் கட்டிவிடவில்லையே?

கேன்டீன் கார் என்றால் என்ன என்று முதலில் சொல்கிறேன், பலர் குழப்பிக்கொள்கிறார்கள். சோப்பு, பிஸ்கட் மாதிரி கேன்டீனுக்குள் போய் எடுத்து வருவது இல்லை இது. ராணுவக் கேன்டீன்களுக்குப் பொருள் கொடுக்கும் சிஎஸ்டியில், கார் மாதிரிப் பெரிய பொருள்களுக்கு ஏஎஃப்டி என்று ஒரு பிரிவு. அதற்கான இணையதளத்தில் உன் கேன்டீன் கார்டை வைத்துப் பதிந்துகொள்ள வேண்டும். எந்த வண்டி, எந்த மாடல் என்று பார்த்து, டீலரிடம் வண்டி இருக்கிறது என்ற சான்று வாங்கி, யூனிட்டில் கையெழுத்து வாங்கி விண்ணப்பிக்க வேண்டும். பணம் டீலருக்குப் போகாது, சிஎஸ்டி டிப்போவின் கணக்குக்குத்தான் போகும். பணம் ஏறியதும் டிப்போ சப்ளை ஆர்டர் போடும். அதைப் பார்த்துத்தான் டீலர் வண்டியைக் கொடுப்பார். வாழ்நாள் வரி, இன்சூரன்ஸ் இரண்டும் நீ தனியாகக் கட்ட வேண்டியது.

இதில் என்ன லாபம் என்றால் ஜிஎஸ்டியில் பாதி. முன்பு சின்னக் காருக்கு 28 சதவீதமும் செஸ் என்ற கூடுதல் வரியும் இருந்தபோது மிச்சம் பெரிதாகத் தெரிந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் காருக்கு 18 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள். அதனால் வெளியில் வாங்குபவனுக்கும் விலை இறங்கியது, நமக்குக் கிடைக்கும் இடைவெளியும் சுருங்கியது. கணக்குப் போட்டுப் பார். வரிக்கு முந்தைய விலை 5.5 லட்சம் என்றால் வெளியில் வரி 99,000. கேன்டீனில் 49,500. ஆக மிச்சம் ஐம்பதாயிரம்.

ஐம்பதாயிரம் சும்மா வருகிறதா? இல்லை. பண்டிகைக் காலத் தள்ளுபடி, பழைய வண்டியைக் கொடுத்து மாற்றும் போனஸ் இதெல்லாம் கேன்டீன் பில்லுக்குப் பல டீலர்கள் தர மாட்டார்கள். அதனால் இரண்டு விலையையும் எழுத்தில் வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். ரேங்குக்குத் தகுந்தபடி இன்ஜின் சிசிக்கும் விலைக்கும் உச்சவரம்பு உண்டு. அந்த உத்தரவுகள் அவ்வப்போது மாறும். நம் காலத்தில் இருந்தது இப்போது இல்லை. உன் ஹெட் கிளார்க்கிடம் இன்றைய உத்தரவைக் காட்டச் சொல்.

இன்னொன்று. வண்டி உன் பெயரில்தான் பதிவாகும். அப்பா பெயரில் எடுக்கலாமா என்று கேட்காதே.

---

மன்னை கணக்கு

நான் பொதுத்துறை வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கேன்டீன் விஷயத்தை ஹவில்தார் ஐயா சொல்லிவிட்டார். நான் அந்தச் சீட்டைப் பற்றி மட்டும் பேசுகிறேன், ஏனென்றால் இந்த இழையில் அதுதான் பெரிய விஷயம்.

6 லட்சம், 9 சதவீதம், 60 மாதம். வங்கிகள் போடும் முறையில், அதாவது குறையும் பாக்கிக்கு வட்டி போட்டால், இஎம்ஐ 12,455 ரூபாய்தான் வரும். உங்கள் சீட்டில் 14,500 என்று இருக்கிறது. இந்த 14,500 எப்படி வந்தது தெரியுமா? 6 லட்சத்துக்கு வருஷம் 54,000 வட்டி, ஐந்து வருஷத்துக்கு 2,70,000. அதை அசலோடு கூட்டி 60-ஆல் வகுத்திருக்கிறார்கள். இதுதான் ஃப்ளாட் வட்டி. மூன்று வருஷம் கட்டி முடிக்கும்போது நீங்கள் அசலில் பாதிக்கு மேல் அடைத்திருப்பீர்கள். ஆனாலும் கடைசி மாதம் வரை முழு 6 லட்சத்துக்கும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

அதைக் குறையும் பாக்கிக் கணக்குக்கு மாற்றினால் கிட்டத்தட்ட 15.7 சதவீதம். எழுதிக் கொடுத்தது 9. ஐந்து வருஷத்தில் நீங்கள் கூடுதலாகக் கட்டுவது 1,22,700 ரூபாய். கேன்டீனில் ஐம்பதாயிரம் மிச்சம் பிடிக்க அலைவதா என்று யோசிக்கிறீர்கள். இங்கே அதைப்போல் இரண்டரை மடங்கு சத்தமில்லாமல் போகப் பார்க்கிறது.

சீட்டை எழுதிக் கொடுத்த பையன் மேல் கோபப்பட வேண்டாம், அவருக்கு எந்தக் கம்பெனியில் கமிஷனோ அதைத்தான் எழுதுவார். நீங்கள் கேட்க வேண்டியது ஒரே ஒரு தாள். கேஎஃப்எஸ் என்பார்கள், கடனின் முக்கிய விவர அறிக்கை. 2024 அக்டோபர் 1-க்குப் பிறகு கொடுக்கும் சில்லறைக் கடன் எல்லாவற்றுக்கும் வங்கியும் நிதி நிறுவனமும் இதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. பிராசசிங் கட்டணம், மற்ற செலவு எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு உண்மையில் எத்தனை சதவீதம் என்று அதில் ஏபிஆர் என்ற பெயரில் இருக்கும். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்பதும் விதி. தமிழில் கேளுங்கள். கேட்ட மாத்திரத்தில் பேச்சு மாறும், பாருங்கள்.

---

புதாற்றுக்காரன்

ஐயா, தலை சுற்றுகிறது. 9 என்று எழுதிவிட்டு 15.7 வாங்குவது தப்பில்லையா?

---

மன்னை கணக்கு

சீட்டில் "ஃப்ளாட்" என்று ஒரு மூலையில் எழுதியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் அவர் தப்பித்துவிடுவார். அதனால்தான் சீட்டை நம்பாமல் கேஎஃப்எஸ் கேளுங்கள் என்கிறேன்.

7 வருஷத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அதே 6 லட்சத்தை உண்மையான 9 சதவீதத்தில் 84 மாதமாக்கினால் இஎம்ஐ 9,653 ஆகும். பார்க்க இதமாக இருக்கும். மொத்த வட்டி மட்டும் 1,47,300-இலிருந்து 2,10,900 ஆகிவிடும். நான் சொல்வது, கடன் தொகையைக் குறையுங்கள், வருஷத்தை நீட்டாதீர்கள். 5 லட்சம் வாங்கி 5 வருஷத்தில் அடைத்தால் இஎம்ஐ 10,379. உங்கள் சம்பளத்துக்கு அது தாங்கும். கல்யாணச் செலவு முன்னால் நிற்கும்போது 14,500 தாங்காது.

---

குறுவை சம்பா

சும்மா நிற்கப் போகிற வண்டிக்கு இவ்வளவு கணக்கா? பையனுக்கு வருஷாந்திர லீவ் 60 நாள், கேஷுவல் 30 நாள். மீதி நாளெல்லாம் வண்டி ஷெட்டில். அப்பாவுக்கு ஓட்டத் தெரியுமா?

---

புதாற்றுக்காரன்

அப்பா டிவிஎஸ் எக்ஸெல்லை விட்டு இறங்கியதே இல்லை அண்ணே. சித்தப்பா மகன் ஓட்டுவான்.

---

குறுவை சம்பா

அதைத்தான் கேட்டேன். சித்தப்பா மகன் ஓட்டினால் வண்டி யாருக்கு என்று ஊருக்கே தெரியும். ஆஸ்பத்திரிக்கு மாதம் ஒரு தடவை வாடகை வண்டி என்றால் என்ன செலவாகும்? இஎம்ஐயில் ஒரு ஓரம்கூட வராது. மேட்டூர் திறந்தால் ஜூனில் நாற்று விட வேண்டும், அப்பாவுக்குப் பணம் தேவைப்படும். அப்போது கார் போய் நடவு நடாது. என் கருத்து, இப்போது வேண்டாம்.

---

அரசலாறு

குறுவை அண்ணன் சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதிக்கு நான் வேறு மாதிரி சொல்கிறேன். என் வீட்டுக்காரரும் ராணுவத்தில்தான் இருக்கிறார், கும்பகோணம் பக்கம் நானும் மாமியாரும் இரண்டு பிள்ளைகளும். நடுராத்திரியில் மாமியாருக்கு மூச்சுத் திணறினால் வாடகை வண்டிக்காரர் போனை எடுப்பாரா என்று பயந்துகொண்டே இருந்த காலம் எனக்குத் தெரியும். எங்கள் வண்டியை நானே ஓட்டுகிறேன். தம்பி, கார் வாங்குவதென்றால் வீட்டில் ஒருவர் ஓட்டக் கற்றுக்கொள்ளட்டும். தங்கைக்குக் கல்யாணமாகிப் போய்விடும், அப்பாவுக்கு இன்னும் வயசு இருக்கிறது. அவர் கற்றுக்கொண்டால் வாங்கு.

அப்புறம் இந்த இரண்டையும் யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

உன் போன் பிரீபெய்டா? காஷ்மீர் பக்கம் போஸ்டிங் போனால் தமிழ்நாட்டு பிரீபெய்ட் சிம் வேலை செய்யாது. வங்கி ஓடிபி அந்த நம்பருக்குத்தான் வரும். லோன் பாதியில் நிற்கும், நீ அங்கே, சிம் செத்துக் கிடக்கும். விண்ணப்பிக்கும் முன்பே போஸ்ட்பெய்டுக்கு மாற்றிக்கொள்.

இன்னொன்று, கடன் இருக்கிறது என்பது வீட்டில் ஒருவருக்காவது முழுசாகத் தெரிந்திருக்க வேண்டும். எந்த வங்கி, எந்தத் தேதி, எவ்வளவு பாக்கி, இன்சூரன்ஸ் எப்போது முடிகிறது, எல்லாம். என் வீட்டுக்காரர் ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதிப் பூஜை அலமாரியில் வைத்துவிட்டுப் போவார். ஒவ்வொரு லீவிலும் அதைத் திருத்துவார். உனக்கு எதுவும் ஆகாது, நல்லா இருப்பாய். ஆனாலும் அந்த நோட்டு வேண்டும்.

---

புதாற்றுக்காரன்

அக்கா, சிம் விஷயம் உண்மையிலேயே தெரியாது. நாளைக்கே மாற்றுகிறேன். அப்பாவிடம் டிரைவிங் பேச்சை எடுத்தேன், "இந்த வயசில் எல் போர்டு மாட்டிக்கொண்டு போனால் கடைத்தெருவில் சிரிப்பார்கள்" என்கிறார். அம்மா அவருக்கு என் பக்கமிருந்து பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

வங்கி விஷயம் ஒன்று. நான் கடனே வாங்கியதில்லையே, சிபில் ஸ்கோர், அதாவது கடன் வரலாற்று மதிப்பெண், இருக்காதே. லோன் தருவார்களா?

---

மன்னை கணக்கு

ஸ்கோருக்குப் பதில் -1 என்று காட்டும். 300 முதல் 900 வரையுள்ள ஸ்கோரில் குறைவாக இருப்பதும், வரலாறே இல்லாமல் இருப்பதும் வேறு வேறு. முதல்முறை கடன் கேட்பவரை வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒதுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதலைக் காட்டி நிதி அமைச்சகம் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்திலேயே சொல்லிவிட்டது. அது ஒருபுறம் இருக்கட்டும். உங்கள் சம்பளம் எந்த வங்கியில் விழுகிறதோ அங்கேயே போங்கள். மாதா மாதம் அரசாங்கப் பணம் விழும் கணக்கு அவர்கள் கண்முன்னால் இருக்கிறது. அதைவிட நல்ல ஸ்கோர் எது? ஸ்டேட் வங்கியில் டிஃபென்ஸ் சேலரி பேக்கேஜ், பஞ்சாப் நேஷனல் வங்கியில் ரக்ஷக் என்று பல வங்கிகளில் ராணுவத்தினருக்குத் தனித் திட்டம் வைத்திருக்கிறார்கள். வட்டியில் சலுகை, பிராசசிங் கட்டணத்தில் சலுகை, விபத்துக் காப்பீடு என்று சேர்ந்து வரும். உங்கள் கணக்கு அந்தத் திட்டத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல பையன்கள் சாதாரண சேமிப்புக் கணக்காகவே விட்டு வைத்திருப்பார்கள்.

நாலு இடத்தில் ஒரே நேரத்தில் விண்ணப்பிக்காதீர்கள். ஒவ்வொருவரும் உங்கள் அறிக்கையை இழுத்துப் பார்ப்பார்கள், அது பதிவாகும். விசாரிப்பதை நாலு இடத்தில் விசாரியுங்கள், விண்ணப்பத்தை ஒரு இடத்தில் போடுங்கள். வருஷத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகவே எடுக்கலாம். எடுத்துப் பார்த்துவிடுங்கள், உங்கள் பெயரில் தெரியாத கடன் எதுவும் ஏறியிருக்கக் கூடாது பாருங்கள்.

நிலையான வட்டியா, மாறும் வட்டியா என்றும் கேளுங்கள். தனிநபர் மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் வாங்கக் கூடாது. நிலையான வட்டி என்றால் ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதுதான். டிஏ அரியர் வரும்போதெல்லாம் கொஞ்சம் அடைக்க நினைப்பவர் இதைப் பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. எட்டாவது சம்பளக் கமிஷன் அரியர் வரும், அதில் அடைத்துவிடலாம் என்று சில ஷோரூம்களில் இப்போதே ஆசை காட்டுகிறார்கள். வராத பணத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

---

கொள்ளிடம் ஹவில்தார் (ஓய்வு)

பேங்க் ஐயா சொன்னதோடு ஒன்று. லோன் ஆவணம் என்று ராணுவ ஐடி கார்டைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் எவனுக்கும் அனுப்பாதே. யூனிட்டில் சர்வீஸ் சர்டிபிகேட் கேள், கொடுப்பார்கள். சம்பளச் சீட்டு ராணுவத்தின் ஹம்ராஜ் ஆப்பில் எடுத்துக்கொள்ளலாம். பழைய கார் விற்கும் இணையதளங்களில் "நான் ஆர்மி ஆள், டிரான்ஸ்ஃபர் ஆகிவிட்டது, வண்டியைச் சல்லிசாகத் தருகிறேன்" என்று ஐடி கார்டு படம் போட்டு ஏமாற்றுகிறார்களே, அந்தக் கார்டெல்லாம் எங்கிருந்து போகிறது என்று நினைக்கிறாய்? இப்படி அனுப்பியதுதான்.

ஆர்மி குரூப் இன்சூரன்ஸிலும் வாகனக் கடன் உண்டு. அதையும் ஹெட் கிளார்க்கிடம் விசாரி, வங்கி வட்டியோடு ஒப்பிட்டுப் பார்.

---

டெல்டா டீசல்

பட்டுக்கோட்டையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். யாரும் பழைய வண்டியைப் பற்றிப் பேசவில்லையே. 3 லட்சத்துக்கு நல்ல செகண்ட் ஹேண்ட் கிடைக்கும். கையில் 2 லட்சம் இருக்கிறது, ஒரு லட்சம் புரட்டினால் கடனே வேண்டாம். முதல் வண்டி கீறல் விழத்தான் செய்யும், அப்பா வேறு புதுசாகக் கற்றுக்கொள்ளப் போகிறார்.

ஆனால் பார்த்து வாங்க வேண்டும். 2015 வெள்ளத்துக்குப் பிறகும், 2023 மிக்ஜாம் புயலுக்குப் பிறகும் சென்னையில் தண்ணீரில் நின்ற வண்டிகள் இந்தப் பக்கம் நிறைய வந்தன. வெளியே பெயின்ட் பளபளக்கும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். முழுசாக இழுக்கும் இடத்தில் பட்டையில் பழுப்பாக ஒரு கோடு நிற்கும். அதை யாரும் கழுவ மாட்டார்கள். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு அந்தக் குழியில் விரலை விட்டுத் துழாவுங்கள், வண்டல் நறநறக்கும். இந்த இரண்டில் ஒன்று இருந்தால் விலை பேசாமல் கிளம்பி வந்துவிடுங்கள்.

---

மன்னை கணக்கு

கடன் இல்லாமல் வாங்கினால் பழைய வண்டி நல்ல யோசனைதான். ஆனால் கல்யாணம் தையில். கையிருப்பு 2 லட்சத்தையும் வண்டியில் போட்டுவிட்டுக் கல்யாணத்துக்கு வெளியே வட்டிக்கு வாங்கினால் கதை முடிந்தது. பழைய வண்டிக்குக் கடன் என்று போனால் வட்டி புது வண்டியைவிடக் கூடுதல், வருஷமும் குறைவாகத் தருவார்கள்.

---

புதாற்றுக்காரன்

அப்பா இன்னொரு வழி சொல்கிறார். அம்மா நகையைச் சொசைட்டியில் பயிர்க்கடனாக வைத்தால் வட்டியே இல்லையாம், அதில் வண்டி எடுத்துவிடலாம் என்கிறார்.

---

குறுவை சம்பா

தம்பி, அந்தப் பேச்சு வேண்டாம். தவணை தவறாமல் கட்டினால் கூட்டுறவுப் பயிர்க்கடனுக்கு வட்டி இல்லை என்பது உண்மை. அது பயிருக்கு. அதை எடுத்துக் கார் வாங்கிவிட்டால் சம்பாவுக்கு உரம் வாங்க அப்பா எங்கே போவார்? அடுத்த வருஷம் முழுத் தொகையையும் ஒரே மூச்சில் கட்டித் திருப்ப வேண்டும். நகை தங்கை கழுத்துக்குப் போக வேண்டிய நேரம் வேறு.

---

மன்னை கணக்கு

அதேதான். கடனை அது எதற்கோ அதற்குத்தான் வாங்க வேண்டும். காரை அடமானமாக வைத்து மாதா மாதம் கழியும் கடன் ஒன்று இருக்கும்போது நகையைத் தொடாதீர்கள்.

---

நாகை அக்னி

அண்ணன்மார்களே, நான் அக்னிவீர், நாலு வருஷத்துக்கு ராணுவத்தில் சேர்ந்தவன். இது நாலாவது வருஷம். சம்பளம் 40,000, பிடித்தம் போகக் கையில் 28,000. எனக்கும் ஷோரூமில் "சேவா நிதி வரும்போது அடைத்துவிடலாம்" என்று பெரிய வண்டிக்கே கொட்டேஷன் போட்டுத் தந்திருக்கிறார்கள். எடுக்கலாமா?

---

கொள்ளிடம் ஹவில்தார் (ஓய்வு)

எடுக்காதே. கோபமாகச் சொல்வதாக நினைக்காதே, ஆனால் நேராகச் சொல்கிறேன். சேவா நிதி என்பது நாலு வருஷம் மாதா மாதம் சம்பளத்தில் 30 சதவீதம் பிடித்து, அரசாங்கம் அதே அளவு போட்டு, வட்டியோடு 11.71 லட்சம் அளவுக்குக் கையில் வரும். அதற்கு வருமான வரியும் இல்லை. உங்கள் பேட்ச்சில் 25 சதவீதம் பேர் வரைதான் நிரந்தரமாக எடுப்பார்கள். நீ அந்த 25-இல் இருந்தால் அப்போது வாங்கலாம், சம்பளம் தொடரும். இல்லையென்றால் வெளியே வந்து கடை வைக்கவோ, படிக்கவோ, போலீஸ் தேர்வுக்குத் தயாராகவோ அந்தப் பணம்தான் உனக்கு அஸ்திவாரம். அதில் பாதியைக் காரில் போட்டு வாசலில் நிறுத்தினால் மாதா மாதம் அது விலை இறங்கிக்கொண்டே போகும்.

---

மன்னை கணக்கு

வங்கியும் இதைத்தான் பார்க்கும் தம்பி. பாக்கி சர்வீஸ் எவ்வளவோ அதற்குள் முடிகிற மாதிரிதான் தவணை போடும். உங்களுக்குச் சில மாதங்கள்தான் பாக்கி என்றால் இஎம்ஐ எங்கே போய் நிற்கும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். அதைத் தாண்டி ஒருவர் 5 வருஷத்துக்குத் தருகிறேன் என்றால் அவர் வட்டியில் அதற்கு விலை வைத்திருப்பார்.

---

நாகை அக்னி

புரிந்தது ஐயா. அம்மாவுக்கும் இதே கருத்துதான், என்னிடம் சொல்லத் தயங்கியிருக்கிறார்கள். கொட்டேஷனைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

---

டெல்டா டீசல்

நல்லது. முதல் தம்பிக்கு இன்னொரு விஷயம், புது வண்டியானாலும் பழசானாலும். ஷெட் எங்கே போடப் போகிறீர்கள்? ஒரத்தநாடு பக்கம் என்றால் வீட்டைச் சுற்றித் தென்னைதான் இருக்கும். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்தபோது என் ஒர்க்‌ஷாப் வாசலில் வரிசையாகக் கூரை அமுங்கிய வண்டிகள். அதில் தேர்டு பார்ட்டி, அதாவது அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கான இன்சூரன்ஸ், மட்டும் போட்டிருந்தவர்களுக்கு ஒரு ரூபாய் வரவில்லை. புது வண்டிக்கு மூன்று வருஷ தேர்டு பார்ட்டி கட்டாயமாகச் சேர்ந்து வரும், அதைப் பார்த்துவிட்டு மூன்று வருஷத்துக்கு எல்லாமே இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். சொந்தச் சேதத்துக்கான பகுதி பெரும்பாலும் ஒரு வருஷம்தான். அதை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். கடன் இருக்கும்வரை வங்கியும் கேட்கும். நீங்கள் வடக்கே இருக்கும்போது இதுதான் மறந்துபோகும்.

ஐப்பசி, கார்த்திகையில் வாய்க்கால் உடைத்துக்கொண்டு ரோட்டில் தண்ணீர் நிற்கும் இடத்தில் ஓட்டுவதென்றால் இன்ஜின் பாதுகாப்பையும் சேர்த்துப் போடுங்கள். தண்ணீருக்குள் நின்றுபோன வண்டியைத் திரும்ப ஸ்டார்ட் செய்யவே கூடாது என்று சித்தப்பா மகனிடம் சொல்லி வையுங்கள். அவன் ஸ்டார்ட் செய்வான், எனக்குத் தெரியும்.

வைக்கோல்போருக்குப் பக்கத்திலும் நிறுத்தாதீர்கள். போன மாதம் ஒரு வண்டி வந்தது, பானெட்டைத் திறந்தால் பேட்டரி மேல் வைக்கோல் மெத்தை, எலி குட்டி போட்டிருக்கிறது. ஒயரிங் முழுசும் நறுக்கு.

---

அரசலாறு

எங்கள் வீட்டிலும் எலி கதை உண்டு. வாரத்தில் இரண்டு நாள் வண்டியை எடுத்து ஓட்டினாலே பாதிப் பிரச்சினை இல்லை. பேட்டரியும் இறங்காது.

---

புதாற்றுக்காரன்

எல்லோருக்கும் நன்றி. இதுவரை நடந்ததைச் சொல்கிறேன்.

ஷோரூமுக்குப் போன் செய்து கேஎஃப்எஸ் கேட்டேன். "அதெல்லாம் சாங்ஷன் ஆன பிறகு சார்" என்றார்கள். முதலில் கொடுங்கள், பிறகு பேசலாம் என்றேன். அன்று சாயங்காலமே வேறொருவர் கூப்பிட்டு, உங்களுக்காக ஸ்பெஷலாக இஎம்ஐயை 13,200 ஆக்கியிருக்கிறோம் என்றார். ஒரு போன் காலுக்கு 1,300 குறைகிறது என்றால் மீதியில் எவ்வளவு இருக்கிறதோ.

சம்பள வங்கியில் பேசிவிட்டேன். கணக்கு சாதாரணக் கணக்காகத்தான் இருந்தது, ராணுவத் திட்டத்துக்கு மாற்றக் கேட்டிருக்கிறேன். 5 லட்சம், 5 வருஷம். சாங்ஷன் கடிதம் வந்ததும் கேன்டீன் வழியாக எடுக்கலாம் என்று முடிவு. பணத்தை நேராக டிப்போ கணக்குக்கு அனுப்ப வேண்டும் என்றேன், மேனேஜருக்கு அது பழக்கம்தான். கேன்டீன் விலை 6 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அதோடு வாழ்நாள் வரி 13 சதவீதம், இன்சூரன்ஸ். கையிலிருந்து இரண்டு லட்சத்துக்குச் சற்று மேலே ஆகிறது. அதுதான் இடிக்கிறது, கல்யாணத்துக்குக் கையிருப்பு இருக்காது.

---

மன்னை கணக்கு

அப்படியென்றால் வண்டியைத் தை கழித்து எடுங்கள். சாங்ஷன் சில மாதம்தான் செல்லும், ஆகவே இப்போதே வாங்கி வைக்க வேண்டாம். திட்டத்துக்குக் கணக்கை மட்டும் இப்போது மாற்றுங்கள். கல்யாணத்துக்கு வாடகைக் கார் போதும், மாப்பிள்ளை வீட்டார் ஆர்சி புக்கைக் கேட்கப் போவதில்லை.

---

குறுவை சம்பா

இதைத்தானே நான் முதலிலேயே சொன்னேன்.

---

புதாற்றுக்காரன்

நீங்கள் சொன்னது வேண்டாம் என்று அண்ணே, ஐயா சொன்னது அப்புறம் என்று. சரி, தை கழித்துத்தான். அப்பா எல்எல்ஆர் போட்டுவிட்டார். ஒரத்தநாட்டில் கற்றுக்கொள்ள மாட்டாராம், யாராவது பார்த்துவிடுவார்களாம், அதனால் தஞ்சாவூரில் சேர்ந்திருக்கிறார்.

---

கொள்ளிடம் ஹவில்தார் (ஓய்வு)

சபாஷ். டிப்போவுக்குப் பணம் கட்டுகிற அன்று அந்த மாடலின் விலையை இணையதளத்தில் மறுபடி ஒருமுறை பார்த்துக்கொள், ஜனவரியில் கம்பெனிகள் விலையை மாற்றும். வண்டி கைக்கு வந்ததும் மொத்தச் செலவை இங்கே போடு. என் மச்சினன் மகனும் ராணுவத்தில் சிக்னல்ஸ் பிரிவில் இருக்கிறான், அவனும் இதே கேள்வியோடு நிற்கிறான்.